ஸ்டோர்

பிளானில் ஸ்டோர் என்றுதான் போட்டிருந்தது.
நகராண்மைக் கழகம் குத்திய முத்திரையும்
ஸ்டோருக்குத்தான்.
பத்தடிக்கு ஒன்பதடி,
குசினிக்குப் பின்னால்,
துணி காயப்போட்ட இடத்தை விழுங்கிக்கொண்டு.

எட்டாயிரம் வெள்ளி முன்பணம் வாங்கிய காண்ட்ரக்டர்
சுவரை உடைத்த மறுநாள்
போனை அடைத்துவிட்டான்.
அடுப்புக்குப் பின்னால் வானம்.
நீலக் கித்தானை இழுத்துக் கட்டினோம்.
பாகான் டாலாம் மழைக்கு
அது ஒரு மரியாதை, அவ்வளவே.

அப்புறம் குடும்பம் வந்தது.

நாத்தனார் புருஷன் அரிகரன்
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
செங்கல் அடுக்குவது இதுதான் முதல் தடவை என்பதை
மூன்றாம் வரிசையில் சொன்னார்.
நாத்தனார் லோகேஸ்வரி நாற்காலி போட்டு உட்கார்ந்து
சுவர் சாய்கிறது என்றாள்.
சாய்ந்துதான் இருந்தது.
அவள் வீட்டுக்குப் போனபிறகு
இடித்து மறுபடி கட்டினோம்.
யாரும் கூலி வாங்கவில்லை.
கறியில் காரம் பத்தவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

ஏழு வாரம்
செருப்பு ராக்கைக்குப் பக்கத்தில் ஒற்றை அடுப்பு.
ஹாலில் தாளித்தால்
டிவியில் செய்தி வாசிக்கிற அக்கா தும்முவாங்களா
என்று கேட்டான் கவினேஷ்.
பல்பொடி போலச் சிமெண்டு, ரசத்தில் சிமெண்டு,
ஆறாம் வாரம் வீட்டுக்காரரோடு போட்ட சண்டையில்
நாக்கிலும் சிமெண்டு.
(எதற்குச் சண்டை? சிங்க் இடதா, வலதா.)
பக்கத்து வீட்டு ரொகாயா மாக்சிக்
தூசி படிந்த துணியை எங்கள் பக்கமாக
உதறி உதறிக் காட்டிவிட்டு
சாயங்காலம் தன் பைப்பில்
எங்கள் ஹோஸை மாட்டிக்கொள்ள விட்டார்.

சனிக்கிழமைதோறும் முதல் பெர்ரியில்
என் தம்பி ஜீவேந்திரன்.
மோட்டார்சைக்கிளில்
மகளை இடுப்போடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட்டில்
இப்போது டைல் வெட்டும் மெஷின்.
பாயான் லெப்பாஸ் பேக்டரியில் ஆள் குறைத்தபோது
குறைந்தவர்களில் ஒருவன்.
மனைவி பிள்ளையோடு ஈப்போவுக்குப் போய்
வருஷம் ஒன்றாகிறது.
குளுகோரில் வாடகை அறை.
ஜன்னல் இல்லை என்று சொன்னதில்லை.
"வெயிலே படாதுக்கா, ஜில்லுன்னு இருக்கும்" என்பான்.

அவனிடமும் ஸ்டோர் என்றே சொல்லியிருந்தோம்.
பசியாறினியா என்பதைத் தவிர
எங்கள் வீட்டில்
எதை யார் நேராகக் கேட்டிருக்கிறோம்?

டைல் ஒட்டினான்.
சுவரோரம் அரை விரல் இடைவெளி வந்தது.
"ஸ்டோருக்கு இது போதும்பா" என்றார் அரிகரன்.
பதில் பேசாமல்
கடைசி வரிசையைப் பெயர்த்து
மறுபடி வெட்டினான்.

ஐந்தாம் சனிக்கிழமை
ஏணிமேல் நின்றவன்
பீமில் தொங்கிய இரும்பைத் தொட்டுப் பார்த்தான்.
"ஸ்டோருக்கு எதுக்கு பேன் கொக்கி?"

வீட்டுக்காரர்
மட்டம் பார்க்கும் டியூபுக்குள்
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
லோகேஸ்வரிக்கு
அன்றைக்கென்று ஒரு கருத்தும் இல்லை.
நான்தான் சொன்னேன்,
"அரிசி மூட்டை புழுங்கிடும்."

தலையாட்டினான்.
இறங்கி வந்து
ஏணியை வேறு மூலைக்கு நகர்த்தினான்.

மதியம் எல்லாரும்
தப்பாவ் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருக்க
உள்ளே டிரில் சத்தம்.
போய்ப் பார்த்தேன்.
பிளக்குக்காக நான் இடுப்புயரத்தில் போட்ட
பென்சில் கோட்டை அழித்துவிட்டு
தரையிலிருந்து இரண்டடியில் துளைத்திருந்தான்.
படுத்தபடி கை நீட்டினால் எட்டும் உயரம்.
அதற்குப் பக்கத்தில் இன்னொரு துளை,
கொஞ்சம் தாழ.

"அது எதுக்குடா?"

வாயால் ஊதித் தூசியைத் தள்ளினான்.
"சின்ன லைட்டுக்கு.
ராத்திரியில
அரிசி பயப்படும்ல."

சோறு ஆறுகிறது என்று
ஹாலிலிருந்து யாரோ கத்தினார்கள்.

கதவு வர இன்னும் இரண்டு வாரமாகுமாம்.
பூட்டு வாங்கிவிட்டோம்,
உள்ளேயிருந்தும் பூட்டுகிற மாதிரி.